பேஸ் கிடார்க்காரனின் இடது காது

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. உட்காருவேன், பேனாவைத் திறப்பேன், மூடிவிடுவேன். பாட்டுக் குழுவில் இருப்பவன் தன் காதில் கோளாறு என்று வாய் திறந்தால் அன்றோடு அவனைக் கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள் என்று நம்பியிருந்தேன். காய்ச்சல் என்று சொல்லலாம், கை சுளுக்கு என்று சொல்லலாம். காது என்று மட்டும் சொல்லக் கூடாது. வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் முதலில் அந்தப் பயம். நிறுத்திய பிறகு வேறொரு கூச்சம்: எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், டாக்டர்கள் சொல்ல வேண்டியதை நான் சொல்வதா? கடைசியில் என் மனைவி பழனியம்மாள்தான் சொன்னாள்: "தெரிஞ்சதத்தான எழுதப் போறீங்க? தெரியாததயா எழுதப் போறீங்க? பிள்ளையார நெனச்சுட்டு ஆரம்பிங்க." அவரை நினைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன்.

புதிதாக பேஸ் கிடாரைத் தோளில் மாட்டியிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இது. எந்தப் பாட்டுக்கு எந்த நோட்டு என்பதெல்லாம் இப்போது உங்கள் போனிலேயே கிடைக்கிறது. அதைச் சொல்லித் தர நான் வரவில்லை.

கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பகலில் மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் சேகோ மில்லில் வேலை. மாலையானால் கல்யாண வரவேற்பு, காதுகுத்து, கோயில் திருவிழா என்று மெல்லிசைக் குழுவோடு கிளம்பிவிடுவேன். எங்கள் குழுவில் கீபோர்டு வாசிப்பவர்தான் தலைவர். டிரம்ஸ் வாசிப்பவன் செல்வராசு, எனக்குத் தங்கை மகன் முறை. பேஸ் கிடார் நான். மேடையில் எனக்கு எப்போதும் ஒரே இடம்தான்: செல்வராசுவின் தாளத் தட்டுகளுக்கு வலது பக்கம், ஒரு கை தூரத்தில். பேஸும் டிரம்ஸும் ஒட்டி நின்றால்தான் தாளம் ஒட்டும் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அவன் தட்டில் விழுகிற ஒவ்வொரு அடியும் முதலில் என் இடது காதுக்குள் விழுந்து, பிறகுதான் ஜனங்களிடம் போய்ச் சேரும்.

முதலில் கச்சேரி முடிந்த மறுநாள் காலை மட்டும் இடது காதில் கொய்ங் என்று ஒரு இரைச்சல் இருக்கும். குளித்துச் சாமி கும்பிட்டு மில்லுக்குப் போவதற்குள் அடங்கிவிடும். பிறகு அது சாயங்காலம் வரை நின்றது. பிறகு மறுநாளும் நின்றது. பழனியம்மாள் கூப்பிட்டால் எந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறாள் என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றினேன்.

நானாக ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சை எடுத்து, தேங்காய் எண்ணெயில் நனைத்துக் காதில் திணித்துக்கொண்டு மேடை ஏறினேன். செல்வராசு பார்த்துவிட்டான்.

"ஏனுங்க மாமா, உசுரோட இருக்கறப்பவே பஞ்சு வெச்சுட்டீங்களா? மூக்குக்கு யாரு வெப்பா, நான் வெக்கட்டுங்களா?"

"வாய மூடிட்டு வாசிடா."

"இல்ல மாமா, சங்கு ஊதறவரக் கூப்பிடோணுமின்னா இப்பவே சொல்லிருங்க. அட்வான்ஸ் குடுக்கோணும்."

சிரித்துவிட்டேன். ஆனாலும் கல்யாண மண்டபத்தில், மணமக்கள் முன்னால், காதில் பஞ்சோடு நிற்பது நன்றாக இல்லைதான். எடுத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பஞ்சு எனக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று.

அதைச் சொன்னது சேலத்தில் காது பரிசோதனை செய்கிற ஒரு அம்மா. பெயர் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. இன்று வரைக்கும் தெரியாது. பழனியம்மாள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சின்னச் சின்னச் சத்தமாகக் கொடுத்து, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே வந்ததும் அந்த அம்மா தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என்ன வேலை செய்றீங்க?"

சேகோ மில் என்றேன். பழனியம்மாள் பக்கத்திலிருந்து முழங்கையால் இடித்தாள். கிடாரையும் சொன்னேன்.

"போனது போனதுதாங்க, அது திரும்பாது. மிச்சம் நல்லாவே இருக்கு. அதக் காப்பாத்திக்கலாம். பஞ்சு வேண்டாம். பஞ்சு மேல்சத்தத்த மங்கலாக்கும், அவ்வளவுதான். உங்க அடிச்சத்தமெல்லாம் அதுக்குள்ள சும்மா நடந்து போயிரும்." பாட்டுக்காரர்களுக்கென்றே ஒரு வகை இயர் பிளக் இருக்கிறது, எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி இறக்கிக் கொடுக்கும், பாட்டு பாட்டாகவே கேட்கும் என்று விளக்கினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவருக்கு நான் கும்பிடு போட வேண்டும்.

"உங்க ஸ்பீக்கர் பெட்டி மேடையில எங்க இருக்கும்?"

"தரையிலங்க. எனக்குப் பின்னால, காலுகிட்ட."

"அப்ப உங்க முழங்காலுக்குத்தான் நல்லாக் கேக்கும். காதுக்குக் கேக்கறதுக்காக நீங்க சத்தத்தக் கூட்டிக்கிட்டே போவீங்க. ஆமாவா?"

ஆமாம். அத்தனை வருடமும் அதைத்தான் செய்தேன். என் சத்தம் எனக்குக் கேட்கவில்லை என்று பெட்டியின் சத்தத் திருகைக் கூட்டுவேன். நான் கூட்டினால் செல்வராசு ஓங்கி அடிப்பான். அவன் ஓங்கினால் பாடுகிற பெண் கத்துவாள். அந்த அம்மா கிடாரைத் தொட்டவரில்லை. கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டார். நீங்களும் இன்றைக்கே உங்கள் பெட்டியை ஒரு நாற்காலி உயரத்துக்கு ஏற்றி, அதன் முகம் உங்கள் காதைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். பாதிச் சத்தம் போதும் என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் பழனியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். ஊர் நெருங்கும்போது என் பக்கம் திரும்பினாள்.

"மலை மேல கச்சேரி ஒத்துக்கிட்டிருக்கீங்களே, அதுக்குப் போயிட்டு வாங்க. அந்தம்மா சொன்ன மாதிரியே எல்லாம் செய்யுங்க. மறுநாக் காலைல எந்திரிச்சு அந்த இரைச்சல் இல்லாம இருந்தா, உங்க இஷ்டம், வாசிங்க. இருந்துச்சுன்னா கிடார ஆணியில மாட்டிருங்க. எனக்குப் பாட்டுக்காரரு வேண்டாம். நான் கூப்பிட்டா ஏன்னு கேக்கற மனுசன் வேணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் மறுத்துப் பேசியிருப்பேன். அவள் கண் கலங்கியிருந்தது. சரி என்று முருகன் மேல் சத்தியம் செய்துகொடுத்தேன். அந்த ஒரு கச்சேரிதான் எனக்கு வாய்தா.

இயர் பிளக் வந்தது. முதல் நாள் ஒத்திகையில் போட்டுக்கொண்டு வாசித்தேன். பானைக்குள் தலையை விட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது, கிடார் எங்கோ தூரத்தில் கேட்டது. கை தானாகத் திருகுக்குப் போய்விட்டது. பாட்டு முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தால் எல்லாரும் என்னையே முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"மாப்ள, உனக்குக் காது அடச்சிருக்குது, எங்களுக்கு இல்ல" என்றார் தலைவர்.

இங்கேதான் நிறையப் பேர் இயர் பிளக்கைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் போடாதீர்கள். திருகில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வெறும் காதோடு சத்தத்தைச் சரி பார்த்து அந்தக் கோட்டைப் போடுங்கள். பிளக் போட்ட பிறகு கோட்டைத் தாண்டாதீர்கள். கொஞ்ச நாள் வீட்டிலும் ஒத்திகையிலும் பழகிவிட்டுத்தான் மேடைக்குப் போங்கள். பழகினால் முன்பு கலங்கிக் கேட்டது தெளிந்து கேட்கும். செல்வராசு காலால் மிதிக்கும் டிரம்மின் அடி எங்கே விழுகிறது, என் விரல் எங்கே விழுகிறது என்று தனித்தனியாகத் தெரிந்த அன்று நான் ஒத்திகையிலேயே கண் மூடிக் கும்பிட்டேன்.

மலைக் கச்சேரி நாள் வந்தது. கொல்லிமலை மேல், திருப்புலி நாட்டில் ஒரு சின்ன ஊர். மாரியம்மன் திருவிழா. காரவள்ளியைத் தாண்டியதும் வேன் வளைவுகளில் ஏறத் தொடங்கும். ஏற ஏறக் காது அடைக்கும். மலைக்குப் போகும் குழுக்கள் எல்லாம் ஒரே தப்பைச் செய்யும்: போய் இறங்கியதும், அடைத்த காதோடு அவசரமாகச் சவுண்டு செக் பார்ப்பார்கள். சத்தம் மந்தமாகக் கேட்கும். கூட்டி வைத்துவிடுவார்கள். பாதிப் பாட்டில் யாராவது கொட்டாவி விட்டால் காது திறந்துகொள்ளும், அப்போதுதான் எவ்வளவு கூட்டியிருக்கிறோம் என்று தெரியும். ஆனால் அதற்குள் ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள், குறைத்தால் சண்டைக்கு வருவார்கள். நான் அன்றைக்கு யாரையும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் பக்கம் போக விடவில்லை. எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, எச்சில் விழுங்கச் சொல்லி, கொட்டாவி விடச் சொல்லி உட்கார வைத்தேன்.

"என்ன மாமா, கச்சேரிக்கு வந்தமா, தூங்க வந்தமா?" என்று செல்வராசு வாயைப் பிளந்தான். பிளந்ததும் அவன் காது திறந்துகொண்டது. "அட" என்றான்.

கோயில் ஒரு செங்குத்துப் பாறையை ஒட்டி இருந்தது. வாசலுக்குப் பக்கவாட்டில் பலகை மேடை, எதிரே சரிவில் ஜனங்கள். மேடைக்கு அடியில் வெற்று இடம். தட்டினால் பானை மாதிரி ஒலித்தது. அதன் மேல் பேஸ் பெட்டியை வைத்தால் மேடையே சேர்ந்து முழங்கும். விழாக் கமிட்டித் தலைவரிடம் ரெண்டு மூட்டை கேட்டேன். சாமை மூட்டை கொண்டுவரச் சொன்னார். ஒன்றன் மேல் ஒன்று அடுக்கி, மேலே பெட்டியைச் சாய்த்து வைத்து, என் காதைப் பார்க்கத் திருப்பினேன்.

"கிடார்க்காரரே, நீங்க வாசிச்சு முடிக்கறதுக்குள்ள எங்க சாமையெல்லாம் உமி நீங்கி அரிசியாயிருமாட்டம் இருக்குதுங்களே" என்றார் கமிட்டித் தலைவர். நல்ல மனிதர். ஆனால் அவருக்கு ஒரு குறை இருந்தது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எதிர்ச் சரிவில் இன்னொரு ஊர். "போன மாசம் அவங்க கச்சேரி வெச்சாங்க. எங்க ஊட்டு ஓடெல்லாம் அதிருச்சுங்க. இன்னைக்கு நம்ம சத்தத்துல அவங்க ஊட்டுப் பாத்திரம் உருளோணும். அதுக்குத்தான் பொட்டிய அதிகமாச் சொல்லி வெச்சிருக்கறன்."

சவுண்டு சர்வீஸ்காரர் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தேன். எல்லாம் கோயிலைப் பார்த்து நின்றன. ஏன் என்று கேட்டேன். அந்த ஊர் வழக்கம் அது: முதல் பாட்டு அம்மனுக்கு. பெட்டிகள் கருவறையைப் பார்க்க வேண்டும். அந்தப் பாட்டு முடிந்த பிறகுதான் ஜனங்கள் பக்கம் திருப்புவார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் பூசாரி கற்பூரத் தட்டோடு கோயில் வாசலில் வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும். வாசிக்கச் சொல்லிக் கையைத் தூக்கினார். காதில் பிளக்கைச் செருகிக்கொண்டு, அம்மனைக் கும்பிட்டு ஆரம்பித்தேன்.

நாலு வரி போவதற்குள் பாட்டு கலைந்தது. பெட்டியிலிருந்து போன சத்தம் கல் கோயிலிலும் பாறையிலும் மோதி, கொஞ்சம் தாமதமாக எங்களிடமே திரும்பி வந்தது. நான் இப்போது வாசிப்பதும் ஒரு கணம் முன்பு வாசித்ததும் ஒன்றாகக் கேட்டால் எதைப் பிடித்துக்கொண்டு வாசிப்பது? செல்வராசு திணறினான். பாடும் பெண் பாதியில் திரும்பி எங்களைப் பார்த்தாள். கமிட்டித் தலைவர் அதையெல்லாம் கவனிக்காமல், இன்னும் கூட்டு, இன்னும் கூட்டு என்று சவுண்டு சர்வீஸ்காரருக்குக் கை காட்டிக்கொண்டு மேடை ஏறினார். என் பக்கத்தில் வந்ததும் அவர் பார்வை என் காதில் நின்றது.

"நிறுத்துங்க!"

எல்லாம் நின்றது.

"காதுல என்னங்க அது?"

மைக் திறந்திருந்தது. அவர் குரல் சரிவு முழுக்கப் போனது. "ஆத்தாளுக்குப் பாடற பாட்டுக்குக் காத அடச்சுக்கிட்டா நிக்கறீங்க? எங்க சாமி பாட்டக் கேக்க உங்களுக்கு ஆகலீங்களா?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தலைவர், எங்கள் குழுத் தலைவர், என் முதுகுக்குப் பின்னால் வந்து, "எடுத்துரு மாப்ள. மன்னிப்புக் கேட்டுட்டு எடுத்துப் பையில போடு. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று கிசுகிசுத்தார்.

நாளைக்குப் பார்க்க எனக்கு என்ன இருக்கிறது? அத்தனை பெட்டி, இத்தனை பக்கத்தில் டிரம்ஸ், வெறும் காதோடு நின்றால் விடிகாலையில் இரைச்சல் நிச்சயம். கொடுத்த சத்தியத்தின்படி கிடார் ஆணிக்குப் போய்விடும். எடுக்காமல் நின்றால் இந்தக் குழுவையே ஊரைவிட்டு அனுப்பிவிடுவார்கள். அதையும் விட ஒன்று என்னைக் குத்தியது. நான் சாமி கும்பிடாமல் தண்ணீர் குடிக்காதவன். அம்மன் சன்னதியில் நின்று காதை அடைத்தவன் என்று ஒரு ஊரே என்னைப் பார்க்கிறது.

தம்பிகளே, இந்த மாதிரி நேரத்தில் முதலில் செய்ய வேண்டியது கையை நரம்பிலிருந்து எடுப்பது. இரண்டாவது, எதிரே இருப்பவர் பேச்சை முழுதாகக் கேட்பது. இரண்டு பிளக்கையும் கழற்றி உள்ளங்கையில் வைத்து அவரிடம் நீட்டினேன்.

"அடைக்கறதில்லைங்க இது. சத்தத்தக் கொறைச்சுக் குடுக்குது. பாட்டுல ஒரு எழுத்து விடாமக் கேக்குதுங்க. எனக்கு இடது காது போயிட்டு இருக்குது. இனியும் ஆத்தா பாட்டக் கேக்கோணும்னுதான் போட்டிருக்கறேன்."

மேடையில், மைக் முன்னால், பாட்டுக்காரர்கள் எல்லாரும் கேட்க, என் காது போகிறது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது.

கமிட்டித் தலைவர் குனிந்து அதைப் பார்த்தார். "பூசாரி சொல்லட்டும்" என்று வாசல் பக்கம் திரும்பினார். பூசாரி தட்டைப் படியில் வைத்துவிட்டு மெதுவாக வந்தார். என் கையிலிருந்ததைப் பார்த்தார். அவர் திட்டுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

"ஏனுங்க, காதுக்குள்ள ஒரு வண்டு கத்துமுங்களே. யாரும் இல்லாதப்பவும் கத்தும். உங்களுக்கு அதுங்களா?"

"அதேதாங்க."

"எனக்கும் இருக்குதுங்க. ரொம்ப வருசமா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். மைக்கைக் கையால் மூடினேன். "நான் அத ஆத்தாளோட சலங்கைன்னு நெனச்சுட்டு இருக்கறேன். திருவிழா முடிஞ்சா ஜாஸ்தியாக் கேக்கும். ஆத்தா சந்தோசமா ஆடறான்னு நெனச்சுக்குவேன். யாருகிட்டயும் சொன்னதில்லீங்க."

வருடா வருடம் முதல் பாட்டுக்கு, அத்தனை பெட்டியும் பார்த்து நிற்கிற வாசலில், தட்டோடு நிற்கிறவர் அவர். அது சலங்கை இல்லை, காது கெடுகிற சத்தம் என்று இவரிடம் சொல்லலாமா? சொன்னால் இத்தனை வருட நம்பிக்கையை நான் உடைக்கிறேன். சொல்லாவிட்டால் அவர் இன்னும் சில திருவிழாக்களில் செவிடாகிவிடுவார். மேடையில் நான் எடுத்த முடிவுகளிலேயே கஷ்டமானது அதுதான். மனதுக்குள் அம்மனைக் கூப்பிட்டேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஆத்தா உங்களோட பேசறது நெசமுங்க, அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆனா இந்த வண்டு வேறீங்க. எனக்கும் இது கத்துது, நான் பூசாரி இல்லையே. இது பொட்டிச் சத்தம் விட்டுட்டுப் போற காயம். வளந்துச்சுன்னா ஆத்தா பேசறதையும் மறைச்சுப் போடும்."

பூசாரி கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். பிறகு கமிட்டித் தலைவரிடம், கூட்டத்துக்கும் கேட்கும்படி சொன்னார்:

"பொட்டிய சனங்க பக்கம் திருப்பச் சொல்லுங்க."

"வழக்கம் மாறுமேங்க?"

"எங்க பாட்டன் காலத்துல பொட்டி ஏது? வாயால பாடுனாங்க. ஆத்தா கேக்காமயா மழை குடுத்தா? சத்தத்தையும் எறக்கச் சொல்லுங்க. ஆத்தாளுக்குக் காது நல்லாத்தான் இருக்குது."

முதலில் கூட்டத்தில் யாரோ ஒரு பெண்மணி சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கமிட்டித் தலைவரும் சிரித்துவிட்டு, "அப்ப அக்கரைப் பாத்திரம் உருளாதே" என்று முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைத் திருப்பக் கை கொடுத்தார். என் பையில் பஞ்சு மெத்தை மாதிரி அமுங்கும் சாதாரண இயர் பிளக் ஒரு ஜோடி புதிதாக இருந்தது. அதை எப்படி விரலால் உருட்டி ஒல்லியாக்குவது, இன்னொரு கையால் காது மடலை மேலே தூக்கிக்கொண்டு எப்படிச் செருகுவது என்று பூசாரிக்குக் காட்டினேன், சேலத்து அம்மாவைப் பற்றியும் சொன்னேன். அவர் அதை முதலில் அம்மன் பாதத்தில் வைத்து எடுத்தார். பிறகுதான் காதில் வைத்தார்.

மறுபடியும் முதல் பாட்டு. பாறையிலிருந்து திரும்பி வருவது எங்களைக் கலைக்கிற அளவுக்கு இல்லை. மூட்டை மேலிருந்த பெட்டி என் காதோடு பேசியது. என் கோட்டை நான் தாண்டவில்லை. செல்வராசு அடிக்கிற பலத்தை அவனாகவே குறைத்தான். என்னைப் பார்த்துத் தலையாட்டினான். பாடும் பெண் கத்தாமல் பாடினாள். அவள் குரல் அவ்வளவு இனிமை என்று அத்தனை கச்சேரி கூட வாசித்த எனக்கே அன்றுதான் தெரிந்தது.

பள்ளிக்கூட அறையில் படுக்கக் கொடுத்தார்கள். காலையில் விழித்ததும் நான் கண்ணைத் திறக்கவில்லை. அசையாமல் படுத்து இடது காதுக்குள் என்ன இருக்கிறது என்று கவனித்தேன். எங்கள் குழுத் தலைவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வெளியே யாரோ வாளியை வைத்தார்கள். அவ்வளவுதான். எழுந்து உட்கார்ந்தேன். வலது காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். தலைவர் குறட்டை இடது காதிலும் வந்தது. இரைச்சல் இல்லை. அந்தக் குறட்டையை நான் கும்பிட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி பழனியம்மாளுக்கு போன் போட்டேன்.

"என்னங்க?" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

"இல்ல கண்ணு. ஒண்ணும் இல்ல. சுத்தமா இல்ல."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, சாப்பிட்டுட்டு வாங்க" என்று வைத்துவிட்டாள். அழுதிருப்பாள்.

இறங்கி வரும்போது கமிட்டித் தலைவர் எதிர்ச் சரிவு ஊர்க்காரர் ஒருவரோடு நின்றுகொண்டிருந்தார். சண்டையோ என்று பயந்தேன். அந்த ஊர்க்காரர் என்னிடம் சொன்னார்: "ராத்திரி உங்க பாட்டுல வார்த்தை புரிஞ்சுதுங்க. எப்பவும் டும் டும்னு மட்டுந்தான் வரும். எங்க ஊட்டுல எல்லாரும் வெளிய வந்து உக்காந்து கேட்டம்." கமிட்டித் தலைவர் மீசையைத் தடவிக்கொண்டார். பாத்திரம் உருண்டதை விட அவருக்கு இது பெரிதாகப் பட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம். பூசாரி வெள்ளை வேட்டி சட்டையில், ஒரு மஞ்சள் பையோடு வந்து நின்றார்.

"வண்டு இன்னும் கத்துதுங்க. ஆனா நேத்துக்கும் இன்னைக்கும் ஒரே மாதிரிதான். திருவிழாவுக்கு மறுநா எப்பவும் ஜாஸ்தியாகும், இன்னைக்கு ஆகல." கொஞ்சம் தயங்கினார். "அந்தச் சேலத்தம்மா இன்னைக்கு இருப்பாங்களா? வண்டில எடம் இருக்குதுங்களா?"

செல்வராசு பெரிய டிரம்மை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அவருக்கு ஜன்னலோரம் இடம் விட்டான்.

சேலத்தில் பார்த்ததில் அவருக்கும் காது கொஞ்சம் போயிருந்தது, மிச்சம் இருந்தது, எனக்குச் சொன்ன மாதிரியே. அந்த மிச்சத்தை அவர் பத்திரமாக வைத்திருக்கிறார். நானும் அதன் பிறகு பல வருடம் வாசித்தேன். என் விரல்கள் மரத்துப் போனதால்தான் கிடாரை இறக்கி வைத்தேன். காது காரணம் இல்லை. காதை ஒளிக்காமல் சொன்னதால் ஒரு கச்சேரியும் எனக்கு நிற்கவில்லை. அடுத்த கச்சேரியிலேயே செல்வராசு என்னிடம் வந்து, அந்தப் பிளக் எங்கே கிடைக்கும் என்று காதோடு கேட்டான். பஞ்சைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதை உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களிடம் கொண்டுபோய்ச் சேருங்கள். உங்கள் குழுவில் புதிதாக டிரம்ஸ் பக்கத்தில் நிற்கப் போகிற பிள்ளைக்கு முதல் நாளே சொல்லுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், நான் சொன்னபடியே சொல்லுங்கள். ஆத்தா ஒரே ராத்திரியில் பூசாரியின் காதைக் குணமாக்கினாள் என்று சேர்க்காதீர்கள். அப்படி நடக்கவில்லை, போனது போனதுதான். சாமி பேச்சு எதற்கு என்று ஆத்தாவை எடுத்துவிட்டு வெறும் பெட்டிக் கதையாகவும் சொல்லாதீர்கள். அன்றைக்கு அந்தப் பூசாரியிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் நான் நின்றபோது, வார்த்தை கொடுத்தது அவள்தான்.